மும்பை மழையில் மக்கு காயவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். செம்பூரில் இருக்கிறேன், ஓய்வு நேரத்தில் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு தவழும் கண்ணன், 12க்கு 10 அங்குலம். பாதியில் நிற்கும் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். முகம் இன்னும் எழுதவில்லை, சிரிக்காதீர்கள்.

சிக்கல் மக்கில்தான், அதாவது நகைகளை மேடாக்கும் பசையில். சாக் பவுடரையும் கோந்தையும் வெண்ணெய்ப் பதத்துக்குக் குழைத்து, தூரிகையால் சொட்டுச் சொட்டாக வைத்து நகைகளுக்கு மேடு எழுப்புகிறேன். மே மாதம் ஒரே இரவில் காய்ந்தது. இந்த ஜூலை மழையில் மூன்று நாளாகியும் உள்ளே ஈரம். பொறுமையில்லாமல் ஹேர் டிரையரைக் காட்டினேன். மேல்பகுதி மட்டும் இறுகி, தோள்வளையில் மயிரிழை போல விரிசல். இதன்மேல் 22 காரட் தங்க ரேக்கை (மெல்லிய தங்கத் தகட்டை) ஒட்டப் பயமாக இருக்கிறது, விலை அப்படி.

விரிசலை நீர்த்த மக்கால் நிரப்பினால் நிற்குமா, சுரண்டிவிட்டுப் புதிதாக எழுப்புவதே மேலா? கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் கோந்தைக் குறைப்பீர்களா? அப்புறம், பலகையில் துணி ஒட்டும் புளியங்கொட்டைப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பவர்கள் அளவு சொல்லுங்கள். போன படத்தில் பின்பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டது.

உங்கள் பாதி வேலைப் படங்களையும் போடுங்களேன், முக்கியமாக மக்கு ஈரமாக இருக்கும்போது எடுத்தவை.