வாசல் கேமராவை எந்தச் சுவரில், எத்தனை அடி உயரத்தில் வைப்பது?

உறையூர்வாசி
திருச்சி உறையூரில் பழைய வீட்டை இடித்துக் கட்டி, குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. கிழக்குப் பார்த்த வாசல். தெரு 14 அடி அகலம். கிரில் கேட்டிலிருந்து நிலைவாசல் வரை 9 அடிக்குப் போர்டிகோ. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று, 2.8 எம்எம் லென்ஸ், வாங்கி வைத்திருக்கிறேன். சன்ஷேடுக்கு மேலே 12 அடியில் வைத்தால்தான் பத்திரம் என்கிறார் எலக்ட்ரீஷியன். காலிங்பெல் உயரத்தில் வையுங்கள் என்கிறாள் மகள். பகலில் எல்லோரும் வெளியே போய்விடுவோம், வீட்டில் 74 வயது அம்மா மட்டும்தான். புதுச் சுவரில் துளை போடும் முன் கேட்டுக்கொள்கிறேன்.

கேமரா ஃபிட்டர்
உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னதுதான் சரி சார். பதினைந்து வருஷமாக இதே வேலை செய்கிறேன். ஆறடி ஆள் கையைத் தூக்கினால் எட்டடிக்கு எட்டும். அதற்கு மேல் ஒட்டடைக்கம்பு இருந்தால் கேமராவை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிடுவான். காலிங்பெல் உயரம் என்றால் ஒரு ஈரத்துணி போதும், கதை முடிந்தது. 12 அடியில் வைத்தால் வாசலும் தெரியும், தெருவும் தெரியும். யார் வண்டியை நிறுத்தினான், எந்தப் பக்கம் போனான் என்பதெல்லாம் கிடைக்கும்.

சேலத்துக்காரி
அண்ணா, மன்னிக்க வேண்டும், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டிலும் 12 அடியில்தான் இருந்தது. போன ஆடியில் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்தபோது பூட்டை உடைத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் உட்கார்ந்து பதிவைப் போட்டுப் பார்த்தோம். ஒரு தொப்பி, இரண்டு தோள். பதினோரு நிமிஷம் கதவை நெம்புகிறான், முகம் ஒரு நொடிகூட இல்லை. என் மாமியாரின் ஆறு பவுன் சங்கிலி போனது. அதைவிட, அவன் எங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே யார் என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்ததுதான் இன்னும் வலிக்கிறது. உயரத்தில் வைத்தால் கேமரா பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

கேமரா ஃபிட்டர்
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது தங்கச்சி. ஆனால் குறை உயரத்தில் இல்லை, கோணத்தில் இருக்கிறது. கதவடியைப் பார்க்கச் செங்குத்தாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கேட்டைப் பார்த்து வைத்திருந்தால் உள்ளே வரும்போதே முகம் விழுந்திருக்கும்.

அடிக்கணக்கு
கோணம்தான் விஷயம் என்பது சரி. ஆனால் கோணத்தைத் தீர்மானிப்பதே உயரம்தான். உறையூர் நண்பரின் அளவையே எடுத்துக்கொள்வோம். முகம் தரையிலிருந்து சுமார் 5 அடியில் இருக்கிறது. கேமரா 12 அடியில் இருந்தால், 9 அடி தள்ளிக் கேட்டில் நிற்பவரை ஏறக்குறைய 38 டிகிரி சரிவில் பார்க்கும். தொப்பி போட்டுத் தலையைக் கொஞ்சம் குனிந்தால் மூக்குகூடத் தெரியாது. 8 அடியில் வைத்தால் சரிவு 18 டிகிரிதான்.

அப்புறம் பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் விழ வேண்டும் என்றது ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் 125 போதும். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். 2.8 எம்எம் லென்ஸ் ஏறக்குறைய 106 டிகிரி பார்க்கும். கணக்குப் போட்டால் அந்த 250 சுமார் ஒன்பதரை அடி வரைக்கும்தான். அதாவது உங்கள் கேட்டோடு சரி. தெருவின் அந்தப் பக்கம் 23 அடியில் நூறு பிக்சல்தான் மிஞ்சும். ஆள் போனது தெரியும், யார் என்று தெரியாது. வண்டி நம்பரை மறந்துவிடுங்கள்.

கும்பகோணத்து எதிர்வீடு
பிக்சல் எனக்குப் புரியாது. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் எதிர்வீட்டில் இப்படித்தான் தெருவைப் பார்த்து ஒரு கேமரா வைத்தார்கள். இரண்டு வருஷம் ஆகிறது. நல்ல மனிதர்கள், என் பிரசவத்துக்கு ஓடிவந்தவர்கள். ஆனால் விடியற்காலை ஐந்தரைக்கு நான் வாசல் தெளித்துக் கோலம் போடுவதும், நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு குனிவதும் தினமும் அதில் பதிவாகிறது. அவர்கள் மகன் பெங்களூரிலிருந்து போனில் பார்ப்பானாம். அவன் தப்பாகப் பார்ப்பான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் வாசலில் நான் குனிவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பதினாறு புள்ளி போட்டுக்கொண்டிருந்தவள் இப்போது இழைக்கோலத்தோடு எழுந்து போய்விடுகிறேன். உறையூர் அண்ணா, உங்கள் எதிர்வீட்டிலும் ஒருத்தி கோலம் போடுவாள்.

கேமரா ஃபிட்டர்
அக்கா சொல்வது நியாயம்தான். ஆனால் அவர்கள் கழுத்துச் சங்கிலியையே ஒருவன் பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போனால், போலீஸ் முதலில் கேட்பது தெருக் கேமராவைத்தான். சென்னையில் 'மூன்றாவது கண்' என்று போலீஸே பெயர் வைத்து, கடைக்காரர்களையும் குடியிருப்போர் சங்கங்களையும் கேமரா வைக்கச் சொன்னது. எல்லோரும் தங்கள் போர்டிகோவை மட்டும் பார்த்தால் தெருவை யார் பார்ப்பது?

மதுரை வக்கீல்
தெருமுனையில் எல்லோருக்கும் தெரிந்து நிற்கும் கேமரா வேறு, ஒரு வீட்டு வாசலை 24 மணி நேரமும் இன்னொரு வீடு பார்ப்பது வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் 2017-இல் சொல்லிவிட்டது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தன் வீட்டு உபயோகத்துக்குச் செய்வதை விட்டுவைத்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு 'என் சுவர், என் கேமரா' என்று பேசுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். அக்கம்பக்கத்துச் சண்டை கோர்ட்டுக்கு வந்தால் வருஷக்கணக்கில் இழுக்கும். துளை போடும் முன் போய்க் கேட்க ஐந்து நிமிஷம் ஆகும்.

இன்னொன்று. பதிவு சாட்சியமாக நிற்க வேண்டுமானால், புதிய சாட்சிய சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். சம்பவம் நடந்தவுடன் அந்தப் பகுதியைத் தனியாக நகல் எடுங்கள். டிஸ்க் நிரம்பினால் பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும்.

அடிக்கணக்கு
ஃபிட்டர் அண்ணாவின் கேள்விக்கு என் பதில்: 23 அடியில் யார் முகமும் தெரியாத கேமரா தெருவையும் காக்காது. எதிர்வீட்டு அக்காவைத் தினமும் படம் பிடிப்பது மட்டும் நடக்கும்.

சுவரை மாற்றிப் பாருங்கள். நிலைவாசலுக்கு மேலே வேண்டாம். போர்டிகோவின் வடக்குப் பக்கச் சுவரில், கதவை ஒட்டிய மூலையில், 8 அடியில் வைத்து, தென்கிழக்காகத் திருப்புங்கள். கேட்டைத் திறந்து வருபவர் கதவை நோக்கி நடக்கும்போது முகம் முக்கால்வாசி திரும்பியபடி கிடைக்கும். எதிர்வீட்டு வாசல் படத்துக்கு வெளியே போகும் வரை திருப்பிக்கொண்டே வாருங்கள், தெருவில் ஒரு கீற்று தெரிந்தால் பரவாயில்லை. கிழக்கு வாசல் என்பதால் இன்னொரு லாபம்: நேரே தெருவைப் பார்த்தால் காலை ஏழு மணி வெயில் லென்ஸுக்குள் இறங்கி, வருபவர் வெறும் கறுப்பு உருவமாகத் தெரிவார்; இப்படித் திருப்பினால் அது குறையும்.

சுவரையும் கூரையையும் ஒட்டி வைக்காதீர்கள். இரவில் கேமராவே வீசும் அகச்சிவப்பு வெளிச்சம் வெள்ளைச் சுண்ணாம்பில் பட்டுத் திரும்பி, படம் பால் ஊற்றினது போலாகிவிடும்.

கேமரா ஃபிட்டர்
8 அடி என்றால் கை எட்டும் என்று முதலிலேயே சொன்னேன்.

சேலத்துக்காரி
கை எட்டட்டும் அண்ணா. கிரில் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால்தான் எட்டும். அதற்குள் முகம் பதிந்துவிடும். உடைத்துவிட்டுப் போகட்டும், எனக்கு அந்த முகம் போதும்.

கேமரா ஃபிட்டர்
பதிவு கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் மட்டும் இருந்தால் கேமராவோடு அதுவும் போய்விடும். இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை. பதிவுப் பெட்டியை ஹாலில் டிவிக்குக் கீழே வைக்காதீர்கள். உள்ளறைப் பரணில் வையுங்கள், கரண்ட் போனால் ஓட இன்வெர்ட்டர் இணைப்பு கொடுங்கள்.

உறையூர்வாசி
இன்று காலை ஏணி போட்டு, அடிக்கணக்கு சார் சொன்ன மூலையில் என் போனைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கேட்டிலிருந்து நடந்து வரச் சொன்னேன். போன் லென்ஸ் இவ்வளவு அகலம் பார்க்காது என்றாலும் கோணம் புரிந்தது. அம்மா முகம் தெளிவாக விழுந்தது, கதவருகே வந்ததும் பக்கவாட்டில் தெரிந்தது. 12 அடியில் பிடித்தபோது நரைமுடி மட்டும். அப்புறம் எதிர்வீட்டு அக்காவை அழைத்து, எதுவரை தெரியும் என்று காட்டினேன். தன் வாசலுக்கு இப்புறமே படம் நிற்கிறதா என்று போனைக் கையில் வாங்கி இரண்டு முறை பார்த்தார். நாளை துளை போடுகிறேன், பொருத்தியதும் திரையில் இன்னொரு தடவை அவருக்குக் காட்டுவேன்.

கேமரா ஃபிட்டர்
தெருவுக்கு ஒன்று வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. தெருவாசிகள் சேர்ந்து முனைக் கம்பத்தில், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் ஆறு எம்எம் லென்ஸோடு ஒன்று வைத்தால், வந்து பொருத்தித் தருகிறேன். உங்கள் வீட்டில் மாவிலைத் தோரணம் கட்டினால் அந்த மூலையை விட்டுத் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். அது காற்றில் ஆடினால், ஆள் நடமாட்டம் என்று கேமரா எச்சரிக்கை அனுப்பி ராத்திரி முழுக்க போன் அலறும், அம்மா பயந்துவிடுவார்கள்.