ஸ்டார்ட்அப்பில் டிசைனரோடு வேலை செய்த அனுபவம் உண்டா? பகிருங்கள்

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
சேவை வடிவமைப்பு செய்கிறேன் என்று சொன்னால் நம் ஆட்களில் பாதிப் பேர் "லோகோ போட்டுக் கொடுப்பீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. அதனால் செய்த வேலை ஒன்றையே சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள்.

கோலாலம்பூரில் ஒரு சின்னக் குழு. டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து சென்டருக்குக் கூட்டிப்போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் சேவை. வழக்கமாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் மெஷினில் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிற பிள்ளைகள் எத்தனை நாள்தான் லீவு போடுவார்கள்? ஆக, தேவை இருந்தது. செயலியும் பாதிக்கு மேல் தயார். எழுதியவர் கெட்டிக்காரர். காலை 8 மணிக்கு மெஷினில் போட்டால் 12 மணிக்கு வண்டி வாசலில் நிற்கும், 5 நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் கட்டணம் ஏறும். கணக்கில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நீளமான தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, நோயாளி வீட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து திரும்பி வந்து படுக்கும் வரை எல்லாவற்றையும் வரிசையாக வரைந்தேன். மேலே நோயாளி செய்வது, அடுத்து டிரைவர் செய்வது, நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, நோயாளியின் கண்ணில் படாமல் நடக்கும் வேலைகள். இதற்கு சர்வீஸ் புளூபிரிண்ட் என்று பெயர். லின் ஷோஸ்டாக் என்ற அமெரிக்கப் பெண்மணி 1984-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலானது. வரைந்து முடித்ததும், டயாலிசிஸ் சென்டரில் பல வருடம் வேலை செய்த ஒரு மிஸ்ஸியை, அதாவது நர்ஸை, அழைத்து வந்து அந்தத் தாளைக் காட்டினோம்.

12 மணி என்று போட்டிருந்த கட்டத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "மெஷின் நின்ன உடனே ஆள் எழுந்து நடந்துடுவாரா தம்பி?"

ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். சிலருக்கு ரத்தம் சீக்கிரம் நின்றுவிடும், சிலருக்கு நிற்கவே நிற்காது. அப்புறம் எடை பார்க்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும். உடம்பிலிருந்து தண்ணீர் அதிகமாக எடுத்த நாளில் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். அப்படிப்பட்டவரை உட்கார வைத்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த நேரத்தில் வெளியே ஹாரன் அடிக்கிற டிரைவருக்காக ஒரு பெரியவர் அவசரமாக எழுந்தால் என்ன ஆகும்?

"சரிக்கா, அப்போ எத்தனை மணிக்கு வண்டி வரணும்? ஒரு நேரம் சொல்லுங்க" என்றார் மென்பொருள்காரர். "சொல்ல முடியாதுப்பா." "அப்படின்னா ஆள் தயாரானதும் நீங்க செயலியில ஒரு பட்டனைத் தட்டுங்க." மிஸ்ஸி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "கையுறை போட்டிருப்பேன். ஒரே நேரத்துல நாலைஞ்சு பேரைப் பார்ப்பேன். உங்க பட்டனை யாரு தட்டுறது?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வழி கண்டுபிடித்தது மென்பொருள்காரர்தான். ஒரு ஷிஃப்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தானே முடிப்பார்கள்? ஆளுக்கு ஒரு கார் எதற்கு? சென்டருக்கு ஒரு வேன் போதும். முன்னால் தயாரானவர்கள் முதல் நடையில் போகட்டும், தலை சுற்றுகிறவர் அடுத்த நடையில் வரட்டும். காத்திருப்புக் கட்டணம் என்ற பேச்சே அதோடு போனது. பல வாரம் உட்கார்ந்து எழுதிய புரோகிராமில் பாதியை அவரே அழித்தார். அதற்காகவே அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் வக்கீல் வந்தார். காசு வாங்கி ஆள் ஏற்றும் டிரைவருக்கு பிஎஸ்வி என்ற பயணிகள் வண்டி லைசென்ஸ் வேண்டும், வேனுக்குத் தனி அனுமதி வேண்டும், நாமே வேன் வாங்கி ஓட்டுவது இப்போதைக்கு ஆகாத காரியம் என்றார். ஏற்கெனவே அனுமதி வைத்திருக்கிற ஒரு வேன்காரரோடு ஒப்பந்தம் போட்டார்கள். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன், நடந்தபோது சுருக்கமாக இல்லை.

பினாங்குப் பொண்ணு:
நான் டிசைனர் இல்லை அண்ணே. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் குவாலிட்டி இன்ஜினியர். ஜார்ஜ்டவுனில் தோழி ஒருத்தி, சுற்றுப்பயணிகள் விமானத்துக்குப் போகும்வரை பெட்டிகளை லிட்டில் இந்தியா கடைகளில் வைத்துவிட்டுச் சுற்றும் சேவை ஆரம்பித்தாள். அவளுடைய டிசைனரும் இதே மாதிரிதான் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தார்.

எனக்கு அதைப் பார்த்ததும் எஃப்எம்இஏ என்ற எங்கள் ஃபேக்டரி முறை ஞாபகம்தான் வந்தது. எங்கள் தொழிலில் ஒவ்வொரு படியிலும் என்ன கெடலாம் என்று எழுதி, கெட்டால் எவ்வளவு மோசம், எத்தனை தடவை நடக்கும், முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று மூன்றுக்கும் 1 முதல் 10 வரை எண் கொடுத்துப் பெருக்குவோம். அதையே அந்தத் தாளில் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் பயந்தது திருட்டுக்கு. பெருக்கிப் பார்த்தால் திருட்டு எங்கோ கீழே கிடந்தது. முதலில் வந்தது, கடைக்காரர் பூட்டிக்கொண்டு போய்விடுவது! துக்க வீடு, பள்ளியில் பிள்ளைக்குக் காய்ச்சல், எதுவும் ஆகலாம். பயணிக்கு 6 மணிக்கு ஃபிளைட், பெட்டி உள்ளே.

இரண்டாவது சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்து வைக்கலாம் என்றேன். சொல்வது எனக்குச் சுலபம். யார் யாரோடு பேசுவதில்லை, யார் யாரிடம் சாவி கொடுப்பார் என்பதெல்லாம் டிசைனருக்குத்தான் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கடையிலும் டீ குடித்து உட்கார்ந்து பேசியிருக்கிறார் மனுஷன்.

நீங்கள் சொன்ன ஷோஸ்டாக் கட்டுரையை நானும் படித்தேன். ஷூ பாலிஷ் போடுகிறவரை உதாரணமாக வைத்து, 2 நிமிட வேலை, வாடிக்கையாளர் 5 நிமிடம் வரை பொறுப்பார், தப்பான நிற மெழுகு பூசுவதுதான் கெடக்கூடிய இடம் என்று படத்திலேயே குறித்திருக்கிறார். ஃபேக்டரிக்காரி மாதிரியே யோசித்திருக்கிறார் அந்த அம்மா.

கணக்குப்பிள்ளை:
எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் கதை வேறு. ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஒரு ஸ்டார்ட்அப்புக்குக் கணக்கு பார்த்தேன். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், எவர்சில்வர் அடுக்குக் கேரியர்தான் வேண்டும் என்று டிசைனர் ஒற்றைக் காலில் நின்றார். வாடிக்கையாளருக்கு அம்மா கட்டிக் கொடுத்த ஞாபகம் வருமாம். வரும்தான். ஆனால் காலிக் கேரியரைத் திரும்ப எடுக்க மோட்டார் சைக்கிளில் இன்னொரு நடை போக வேண்டும், கழுவ ஆள் வேண்டும், தொலைவதை ஈடுகட்ட வேண்டும். சாப்பாட்டு விலையில் மிஞ்சுவது அந்த இரண்டாவது நடையிலேயே கரைந்துவிடும் என்று எழுதிக் காட்டினேன். என்னை மனசே இல்லாதவன் மாதிரி பார்த்தார்கள். இப்போது பிளாஸ்டிக் டப்பாவில்தான் போகிறது.

வரையும்போதே எங்களையும் கூப்பிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு "இதுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் நாங்கள் வில்லனாகத்தான் தெரிவோம்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
நியாயம்தான் அண்ணே. கோட்டுக்குக் கீழே இப்போதெல்லாம் காசுக்கென்று ஒரு வரிசை போடுகிறேன்.

செந்தூல் சிவா:
ஒரு சந்தேகம். டிசைனருக்குக் கட்டணமா, பங்கா?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
ஆரம்ப வேலைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டேன். தொடர்ந்து இருப்பதென்றால் மற்றவர்கள் மாதிரியே பங்கு, 4 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. முதல் வருடம் முடியுமுன் விலகினால் ஒன்றும் கிடையாது. வாய்ப்பேச்சாக விடாதீர்கள், எழுதி வாங்குங்கள்.

பினாங்குப் பொண்ணு:
அந்த மிஸ்ஸிக்கு என்ன கொடுத்தீங்க?

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
300 ரிங்கிட்டும் மதியச் சாப்பாடும். வக்கீலுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று மட்டும் கேட்காதீங்க.