அரக்குச் சேலை படத்தில் ஏன் வெளிறுகிறது? ஜேபெக், வெப்பி, ஏவிஃப்: எதில் போடுவது?

கோர்வை:
வணக்கம். ஆரணியில் மாமனார் வீட்டில் நான்கு தறி ஓடுகிறது. சேலைகளைப் படமெடுத்து எங்கள் இணையதளத்தில் ஏற்றுவது என் வேலை. எல்லாம் ஐபோனில் எடுத்த ஜேபெக். 3000 x 4000 பிக்சல், ஒவ்வொன்றும் மூன்று நான்கு எம்பி. பக்கம் திறக்க நேரமாகிறது என்று வாடிக்கையாளர்கள் புலம்பியதால் போன மாதம் ஒருவரிடம் கொடுத்து மாற்றினோம். அவர் அகலத்தை 1200 ஆகக் குறைத்து, எல்லாவற்றையும் வெப்பி என்ற வேறு கோப்பு வகை ஆக்கிவிட்டார், தரம் 75. இப்போது பக்கம் சட்டென்று திறக்கிறது. ஆனால் இரண்டு தலைவலி. அரக்கும் பச்சையும் கலந்த பொடிக்கட்டச் சேலையில் கட்டமே தெரியவில்லை, மொத்தமும் பழுப்பாகத் தெரிகிறது. அடுத்தது, "படத்தில் மங்கலாக இருந்தது, அதனால்தான் பிடித்தது, வந்ததோ பளிச்சென்று இருக்கிறது" என்று மூன்று அரக்குச் சேலைகள் திரும்பி வந்துவிட்டன. கூரியர் செலவு எங்கள் தலையில். பழையபடி ஜேபெக்குக்கே போகலாமா? ஏவிஃப் இன்னும் நல்லது என்கிறார்களே?

பிக்சல்பாண்டி:
அக்கா, யோசிக்கவே வேண்டாம், ஏவிஃப். வெப்பி 2010இல் கூகுள் கொண்டுவந்தது. அதன் உள்ளே இருப்பது விபி8 என்ற பழைய வீடியோ கோடெக், அதாவது சுருக்கும் முறை. ஏவிஃப் வந்தது 2019இல், ஏவி1 கோடெக்கை வைத்து. இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறை இடைவெளி. ஒரே தரத்தில் ஜேபெக்கின் பாதி அளவில் முடிந்துவிடும். 10 பிட் நிறமும் உண்டு, அதாவது நிறப் படிகள் இன்னும் நுணுக்கமாக இருக்கும். க்ரோமில் 2020இலிருந்தும் ஃபயர்ஃபாக்ஸில் 2021இலிருந்தும் சஃபாரியில் 2022இலிருந்தும் வேலை செய்கிறது. கடைசியாக வந்த எட்ஜும் 2024 ஜனவரியில் சேர்ந்துவிட்டது. இன்னும் ஜேபெக் பற்றிப் பேசுவது டயல்-அப் காலத்துப் பேச்சு.

பழைய அச்சகம்:
தம்பி பாண்டி, ஐஃபோன் 7 வைத்திருப்பவர் ஏவிஃப் தெரிந்த ஐஓஎஸ் 16க்குப் போக முடியாது. அவருக்கு உங்கள் ஏவிஃப் வெறும் காலிக் கட்டம். பட்டுச்சேலை வாங்குபவர்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒரு ஃபோன் மாற்றுகிறவர்கள் இல்லை.

ஜேபெக் தரநிலை 1992இல் வந்தது. அதற்கு அடித்தளமான கணக்கு, படத்தை அலைகளாகப் பிரிக்கும் டிசிடி, இன்னும் பழசு. 1974இல் நசீர் அகமது, நடராஜன், கே.ஆர். ராவ் மூவரும் சேர்ந்து வெளியிட்டது. நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். இந்த யோசனையை வைத்து 1972இல் அமெரிக்க அறிவியல் நிதியத்திடம் பணம் கேட்டிருக்கிறார், கொடுக்கவில்லை. அப்படியும் விடாமல் செய்து முடித்தார். ஐம்பது வருடம் ஆகியும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது. உங்கள் ஏவி1க்கு உள்ளேயும் அதன் வாரிசுதான் இருக்கிறது.

பிக்சல்பாண்டி:
பெருமை எல்லாம் சரி ஐயா. ஆனால் ஜேபெக் படத்தை 8 x 8 கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியாக நறுக்குகிறது. தரத்தைக் குறைத்தால் அந்தக் கட்டங்கள் பல்லிளிக்கும். ஜரிகை ஓரத்தில் கொசு மொய்த்த மாதிரி புள்ளி புள்ளியாக வரும். ஏவிஃபில் கட்டத்தின் அளவு இடத்துக்கு ஏற்றபடி மாறும். வெறும் பின்னணிச் சுவருக்குப் பெரிய கட்டம், கரைக்குச் சின்னக் கட்டம். பழைய ஃபோன்தான் பிரச்சினை என்றால், ஒரே படத்தைப் பல வடிவில் கொடுக்க பக்கத்தில் எழுதும் பிக்சர் டேக் இருக்கிறதே. முதல் வரியில் ஏவிஃப், கடைசி வரியில் ஜேபெக். பிரவுசர் தனக்குத் தெரிந்ததை எடுத்துக்கொள்ளும்.

சர்வர்சாமி:
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அக்கா கேட்டது கட்டம் ஏன் பழுப்பாகிறது என்று. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வெப்பியில் தரத்தை 100 வைத்தாலும், கொஞ்சம் விவரத்தை விட்டுச் சுருக்கும் இழப்பு வகையில் நிறம் எப்போதும் 4:2:0தான். அதாவது வெளிச்சம் மட்டும் பிக்சலுக்குப் பிக்சல் சேமிக்கப்படும். நிறமோ, இரண்டுக்கு இரண்டு என நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றுதான். உங்கள் 1200 x 1600 படத்தில் நிறம் 600 x 800தான். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வித்தியாசத்தை அந்த அளவுக்குப் பார்க்காது என்ற நம்பிக்கையில் செய்வது. முகம், மலை, சாப்பாடு என்றால் யாருக்கும் தெரியாது. பொடிக்கட்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பிக்சலின் வெளிச்சம் என்பது சிவப்பில் 0.299 பங்கு, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114. அரக்கு இழையை 200, 0, 40 என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் சுமார் 64. பச்சை இழை 0, 110, 0 என்றால் அதுவும் சுமார் 64 அல்லது 65. வெளிச்சத்தில் இரண்டு இழைக்கும் வித்தியாசமே இல்லை! இரண்டையும் பிரித்துக் காட்டுவது நிறம் மட்டும்தான். அந்த நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகச் சராசரி எடுத்தால், இழை ஒரு பிக்சல் அகலம் என்றால், அரக்கும் பச்சையும் கலந்து என்ன வரும்? நீங்கள் பார்த்த அதே பழுப்பு.

கோர்வை:
அட! அதனால்தான் வெள்ளையும் கறுப்பும் போட்ட கட்டம் நன்றாகத் தெரிகிறது, அரக்கு பச்சை மட்டும் போய்விட்டது. ஒரு மாதமாக அந்த ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய அச்சகம்:
சாமி சொன்னது நூற்றுக்கு நூறு. இதில் ஜேபெக்குக்கு ஒரு சௌகரியம். 4:4:4 என்று கேட்டால் நிறத்தைக் குறைக்காமல் சேமிக்கும். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான். வெப்பியிடம் அந்தப் பேச்சே கிடையாது.

பிக்சல்பாண்டி:
ஏவிஃபிலும் 4:4:4 உண்டு ஐயா, சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சந்தேகம். ஃபோன் எடுக்கும் ஜேபெக்கே பெரும்பாலும் 4:2:0தானே? மூலத்திலேயே இல்லாத நிறத்தை 4:4:4 எங்கிருந்து கொண்டுவரும்?

பழைய அச்சகம்:
நல்ல கேள்வி. மூலம் 3000 x 4000. அதில் நிறம் 1500 x 2000. நாம் இறக்குவது 1200க்குத்தானே? 1500 கையில் இருக்கும்போது 1200க்குத் தட்டுப்பாடு ஏது? சுருக்கிய பிறகு மறுபடி பாதியாக்குவதுதான் தப்பு. மூலத்திலிருந்து நேராக 1200 அகலத்துக்கு இறக்கி 4:4:4 ஆகச் சேமித்தால் கட்டம் நிற்கும். இப்போது இருக்கிற வெப்பியை எடுத்து ஜேபெக் ஆக்கினால் மட்டும் ஒன்றும் திரும்ப வராது. சாயம் போன துணியை மறுபடி துவைப்பது போலத்தான். மூலப் படங்கள் இருக்கின்றனவா அம்மா?

கோர்வை:
ஹார்ட் டிஸ்க்கில் 640 படமும் பத்திரமாக இருக்கிறது.

சர்வர்சாமி:
நல்லவேளை. வெப்பியை முழுதாகத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கட்சி. வெப்பி செய்யும் சிவெப்பி கருவியில் ஷார்ப் ஒய்யுவி என்று ஒரு விருப்பம் இருக்கிறது, நிறத்தைக் குறைக்கும்போது ஓரங்களைக் கவனமாகக் கணக்கிடும். 4:2:0 தொந்தரவு ஓரளவு அடங்கும். கட்டமில்லாத சேலைகளுக்கு அது தாராளமாகப் போதும்.

பழைய அச்சகம்:
வெப்பியை விரிக்கும் டீகோடரில் 2023 செப்டம்பரில் பாதுகாப்பு ஓட்டை விழுந்து எல்லா பிரவுசரும் அலறியடித்து அப்டேட் விட்டது ஞாபகம் இருக்கிறதா சாமி?

சர்வர்சாமி:
இருக்கிறது. அடைத்தும் விட்டார்கள். ஜேபெக் நூலகங்களில் ஓட்டையே விழுந்ததில்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம். :)

புள்ளி:
கொஞ்சம் விலகிய விஷயம். உங்கள் பக்கத்தில் விலைப்பட்டியலும் படமாகத்தான் இருக்கிறது, அதையும் அதே 75இல் போட்டிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். "பட்டு" என்பதில் டகரத்தின் மேல் இருக்கும் புள்ளி கரைந்து "படடு" என்று நிற்கிறது. நான் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்கிறவன், இந்த வலி எனக்கு நன்றாகவே தெரியும். ஆங்கில எழுத்து கொஞ்சம் மங்கினாலும் படித்துவிடலாம். தமிழில் ஒரு புள்ளி போனால் மெய் உயிர்மெய் ஆகிவிடும். எழுத்துள்ள படத்துக்கு பிஎன்ஜி அல்லது இழப்பில்லா வெப்பி. இரண்டிலும் ஒரு பிக்சல்கூட மாறாது, தட்டையான நிறம் என்பதால் கோப்பும் சின்னதாகவே இருக்கும். அதைவிட நல்லது, விலையை எழுத்தாகவே பக்கத்தில் போட்டுவிடுவது.

2013இல் ஜெராக்ஸ் ஸ்கேனர்களில் 6 என்ற எண் 8 ஆக மாறி அச்சான கதை தெரியுமா? மங்கலாகி அல்ல, தெளிவான 8 ஆகவே. ஒரே மாதிரி தெரியும் வடிவங்களுக்கு ஒரே வார்ப்பைப் போட்டு இடத்தை மிச்சம் பிடிக்கும் சுருக்கமுறை செய்த வேலை. விலைப்பட்டியல் என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

பிக்சல்பாண்டி:
சரி, கட்டம் கதை முடிந்தது. மூன்று சேலை திரும்பி வந்தது ஏன்? 4:2:0 மொத்த நிறத்தையும் வெளிற வைக்காதே. அக்கா, மூலப் படம் ஒன்றையும் வெப்பி ஒன்றையும் கோப்பின் உள்விவரம் காட்டும் எக்ஸிஃப்டூலில் போட்டு "புரொஃபைல்" என்று வரும் வரிகளைப் பாருங்கள்.

கோர்வை:
பார்த்தேன். மூலத்தில் "டிஸ்ப்ளே பி3" என்று இருக்கிறது. வெப்பியில் அந்த வரியே இல்லை.

பிக்சல்பாண்டி:
அகப்பட்டது! ஐஃபோன் 7இலிருந்து ஆப்பிள் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிறவெளியில் வருகின்றன. அதில் எழுதிய எண்களை எந்த அளவுகோலில் படிக்க வேண்டும் என்று சொல்வது கோப்புக்குள் இருக்கும் ஐசிசி புரொஃபைல். சிவெப்பி, நாம் குறிப்பாகச் சொல்லாவிட்டால், அதைக் கழற்றிப் போட்டுவிடும். புரொஃபைல் இல்லாத படத்தைப் பிரவுசர் எஸ்ஆர்ஜிபி, அதாவது வழக்கமான குறுகிய நிறவெளி, என்று எடுத்துக்கொள்ளும். மீட்டர் கணக்கில் எழுதிய அளவைக் கஜம் என்று நினைத்துத் துணி வெட்டிய மாதிரி. எண் அதேதான், ஆனால் சிவப்பு சுருங்கிவிடும். வாங்கியவர் பார்த்தது வெளிறிய அரக்கு, வீட்டுக்கு வந்தது உங்கள் தறியின் அரக்கு.

பழைய அச்சகம்:
சபாஷ் தம்பி. இதைக் கண்டுபிடித்ததற்காக உங்கள் ஏவிஃபை ஒரு நாள் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் தீர்வில் கருத்து வேறுபாடு. பி3யை அப்படியே வைத்துப் புரொஃபைலை ஒட்டுவதைவிட, சுருக்கும்போதே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். நாளை வேறு ஏதோ ஒரு கருவி புரொஃபைலைக் கழற்றினாலும் நிறம் தப்பிக்கும். அச்சகத்தில் முப்பது வருடம் நிறத்தோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.

பிக்சல்பாண்டி:
எஸ்ஆர்ஜிபிக்கு இறக்கினால் ரத்தச் சிவப்பும் கிளிப்பச்சையும் ஓரத்தில் வெட்டுப்படும். நல்ல திரை வைத்திருப்பவருக்கு அது நஷ்டம்தானே? புரொஃபைலோடு பி3யே போகட்டும்.

சர்வர்சாமி:
இது இன்றைக்கு முடிகிற வழக்கில்லை. நான் வேறொன்று சொல்கிறேன். பட்டியல் பக்கத்தில் 60 சேலை காட்டுகிறீர்கள், ஒவ்வொன்றும் 1200 x 1600. ஃபோனில் அது தெரிவதோ கட்டைவிரல் நகம் அளவுக்கு. கோப்பு ஏவிஃபோ ஜேபெக்கோ, திரையில் வர அதை விரித்தே ஆக வேண்டும், பிக்சலுக்கு 4 பைட். ஒரு படம் 7.7 எம்பி. 60 படமும் விரிந்தால் 460 எம்பி! மலிவு ஃபோன் மூச்சுத் திணறுவது இதனால்தான், எந்த ஃபார்மட்டும் இதைக் காப்பாற்றாது. பட்டியலுக்கு 400 அகலத்தில் தனிப்படம் செய்து, திரைக்கு ஏற்ற அளவைப் பிரவுசரே எடுத்துக்கொள்ளும் எஸ்ஆர்சிசெட்டில் கொடுங்கள். கீழே இருப்பவற்றுக்கு, உருட்டி வரும்போது மட்டும் ஏற்றும் லேசி லோடிங் போடுங்கள்.

புள்ளி:
யாரும் ஜேபெக் எக்ஸ்எல் என்ற புதிய வடிவம் பற்றிப் பேசவில்லையே. பழைய ஜேபெக்கை ஒரு பிட்கூட இழக்காமல் ஐந்தில் ஒரு பங்கு சுருக்கி, வேண்டும்போது அதே ஜேபெக்கைத் திருப்பித் தரும். ஆவணக்காரனுக்கு வரப்பிரசாதம். சஃபாரி 17 ஏற்றுக்கொண்டது. க்ரோம் தன் 110ஆம் பதிப்பில் சோதனை வசதியையே பிடுங்கிவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கோர்வை:
நேற்று ராத்திரி உட்கார்ந்து பத்துப் படங்களில் முயன்று பார்த்தேன். மூலத்திலிருந்து 1200 அகலம், எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் 85, 4:4:4. பொடிக்கட்டச் சேலை ஏறக்குறைய 480 கேபி வந்தது. கட்டம் இழை இழையாகத் தெரிகிறது. அதே படம் ஏவிஃப் 4:4:4இல் 260 கேபி, பார்க்க வித்தியாசம் தெரியவில்லை. ஆசைப்பட்டு ஏவிஃப் தரத்தை இன்னும் இறக்கினேன். அங்கே மாட்டிக்கொண்டேன். கட்டம் இருந்தது, ஆனால் பட்டின் நெசவு மறைந்து மெழுகு பூசிய மாதிரி ஆகிவிட்டது. மாமியார் பார்த்துவிட்டு "இது பாலியஸ்டரா?" என்றார்கள்.

கடைசியில் ஏவிஃப் முதலில், ஜேபெக் பின்னால் என்று பிக்சர் டேக்கில் போட்டேன். விலைப்பட்டியல் எழுத்தாகிவிட்டது. மீதி 630 படமும் இன்று ராத்திரி ஓட வேண்டும். ஏவிஃப் செய்ய எங்கள் பழைய லேப்டாப் எடுக்கும் நேரத்தைப் பார்த்தால் மாமனார் அதற்குள் பாதிச் சேலை நெய்துவிடுவார்.

பழைய அச்சகம்:
நான் சொன்னேனே, ஏவிஃப் பொறுமையைச் சோதிக்கும் என்று.

பிக்சல்பாண்டி:
நீங்கள் அதை மட்டும் சொல்லவே இல்லை ஐயா. அக்கா, ஸ்பீட் என்று ஒரு எண் இருக்கும், அதைக் கூட்டி வையுங்கள், விடிவதற்குள் முடிந்துவிடும்.

பழைய அச்சகம்:
அது கிடக்கட்டும். திரும்பி வந்த அந்த மூன்று அரக்குச் சேலையில் ஒன்று இன்னும் இருக்கிறதா அம்மா? வீட்டில் காட்டினேன், படத்தைப் புதிதாக ஏற்றிய பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்கிறார்கள்.