திண்ணைப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

கானாடுகாத்தான் ஆச்சி:
இரண்டாம் வகுப்போடு என் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பத்து மாதமாக வீட்டிலேயே படிப்பிக்கிறேன். உறவினர் பலரும் இதைத் தவறு என்பதால் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். காலையில் ஆத்திசூடியும் உலகநீதியும் மனப்பாடம். பிறகு வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், புளியங்கொட்டைகளைப் பரப்பி, பழைய வாய்ப்பாட்டு நூலான எண்சுவடிக் கணக்கு. 320 கொட்டைகளை ஒன்று என வைத்துக்கொண்டால், பழந்தமிழ்ப் பின்னப் பெயர்களில் ஒரு கொட்டை முந்திரி, நான்கு காணி, பதினாறு மா, எண்பது கால். ஐந்து மா சேர்ந்தால் கால் என்பதைக் கொட்டைகளை நகர்த்தி அவனே கண்டுபிடித்தான். பின்னம் என்ற சொல்லைக்கூட அவன் அதுவரை கேட்டதில்லை. ஐரோப்பியரும் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்ற வரிசையில்தான் பழங்கல்வியை அமைத்தார்கள். திண்ணைப் பள்ளியில் சில மாதங்களே பயின்ற மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமரவில்லையா?

தேவகோட்டை ஆசிரியர்:
ஆச்சி, நீங்கள் சொன்ன கொட்டைக் கணக்கை முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய நானும் வகுப்பில் செய்து காட்டவில்லையே என்று வருந்துகிறேன். ஆனால் பண்டிதமணியை வீட்டுக் கல்விக்குச் சாட்சியாக அழைப்பதை என்னால் ஏற்க முடியாது. தானே முயன்று கற்று உயர்ந்த அவர்தான், பிறரும் கூடிப் படிக்க ஓர் இடம் வேண்டுமென்று 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபையைத் தொடங்கினார். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன நம் செட்டிநாட்டு முன்னோரும் வீட்டில் வாய்ப்பாடு கற்றதோடு நிற்கவில்லை. கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாக மேலாளுக்குக் கீழே, நாலு பேர் நடுவே உட்கார்ந்துதான் தொழில் கற்றார்கள். பதினான்கு வயதானதும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை உங்கள் மகன் எழுதிவிடலாம். அதுவரை அவன் யாரோடு வாதாடித் தோற்றுக் கற்பான்?

பள்ளத்தூர் வாசகி:
திண்ணையை நெகிழ்ந்து பேசுகிறோம். அதில் யாரெல்லாம் உட்கார முடிந்தது என்பதையும் பேச வேண்டும். எங்கள் அப்பத்தா ஒரு பெரிய வீட்டின் முகப்பைக் கூட்டும்போது காதில் விழுந்த கொன்றைவேந்தனைக் கடைசிவரை ஒரு சொல் பிசகாமல் சொல்வார். 'அன்னையும் பிதாவும்' என்று எழுதிக் காட்டினால் அவருக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய பேத்தியாகிய நான் எழுத்தறிந்தது, எல்லாரும் ஒரே பலகையில் உட்கார்ந்த ஊராட்சிப் பள்ளியில்தான்.

கானாடுகாத்தான் ஆச்சி:
உங்கள் அப்பத்தாவைப் பற்றிப் படித்தபின் சற்று நேரம் எனக்கு எழுத வரவில்லை. என் வீட்டு வளவில் யாரும் உட்காரலாம். எதிர்வீட்டில் வேலை செய்பவரின் மகளும் மாலையில் வந்து என் மகனோடு கொட்டை பிரிக்கிறாள். ஆனாலும், கேள்வி கேட்டதற்காக நிற்க வைத்த வகுப்பறைக்கு அவனைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, ஐயா.

தேவகோட்டை ஆசிரியர்:
அந்த வகுப்பறைக்கு வேண்டாம், ஆச்சி. அந்தச் சிறுமி பகலில் படிக்கும் பள்ளியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.