புதுப்பிப்பு: 1933 ‘வியர்டு டேல்ஸ்’ அசல் இல்லை

வௌவால் முகமூடிப் பெண் அட்டையோடு நான் வாங்கிய, ‘வியர்டு டேல்ஸ்’ என்ற பழைய அமெரிக்கத் திகில்கதைப் பத்திரிகையின் 1933 அக்டோபர் இதழ் அசலா என்று கேட்டிருந்தேனே? நகல்தான். விற்றவர் பதிலே போடவில்லை.

உள்தாள் வெள்ளைவெளேரென்று இருந்தபோதே உறைத்திருக்க வேண்டும். அசல் அச்சான மலிவான மரக்கூழ்த் தாளில் அமிலம் அதிகம்; பழுப்பேறி, புரட்டினால் அப்பளம் மாதிரி ஓரம் நொறுங்கும். என்னிடமுள்ள 1937 இதழைத் திறந்தால் மேசையெல்லாம் தூள். அப்புறம், அசலில் அட்டை உள்தாளைத் தாண்டிக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அதனாலேயே கிழிந்தும் இருக்கும். இதில் மூன்று பக்கமும் ஒரே வெட்டு.

சரி, படம் அபாரம். மார்கரெட் பிரண்டேஜ் என்ற பெண் ஓவியர் பேஸ்டலில் (வண்ணச் சுண்ணக்குச்சியில்) வரைந்தது. ‘எம். பிரண்டேஜ்’ என்றே கையெழுத்திட்டதால், வரைந்தவர் ஆண் என்றே அன்றைய வாசகர்கள் பலர் நினைத்திருந்தார்கள். சட்டம் போட்டு மாட்டிவிட்டேன்.