வீட்டிலிருந்து வேலை செய்யும் மலையகத் தாதியருக்கு: நோயாளர் பட்டியலும் ஆட்குறைப்புப் பயமும்

அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனிகளில் கெயார் மனேஜர்களாக, அதாவது நோயாளரைத் தொலைபேசியில் தொடர்ந்து கவனிப்பவர்களாக, புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் மலையகத் தாதியருக்காக இதை எழுதுகிறேன். விடுமுறையில் ஹட்டனுக்கு வந்ததிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தாய், "மகளின் கம்பனியில் ஆட்களை நிறுத்துகிறார்களாம். அவளையும் நிறுத்திவிடுவார்களா மிஸ்?" என்று கேட்டார். அவர் கட்டும் வீட்டின் சுவர் ஜன்னல் மட்டம்வரை எழும்பி நிற்கிறது. கூரைத் தகடு இன்னும் வாங்கவில்லை. வங்கிக் கடன் முழுவதும் மகளின் சம்பளத்தை நம்பி எடுத்தது. அவரிடம் நாலு வார்த்தை ஆறுதலாகச் சொன்னேன். மகள்மாருக்குச் சொல்ல வேண்டியது அதைவிட அதிகம்.

முதலில் பட்டியல், அதாவது ஒருவர் கவனிக்க வேண்டிய நோயாளரின் எண்ணிக்கை. கலிபோர்னியாவில் சாதாரண வார்டில் ஒரு தாதிக்கு ஐந்து நோயாளருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. தொலைபேசியில் நோயாளரைப் பார்க்கும் நமக்கு அப்படிப் பொதுவான எல்லை கிடையாது. சில மாநிலங்களின் மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தோருக்கான அரச காப்புறுதி) ஒப்பந்தங்களில் எண்ணிக்கை குறித்திருப்பார்கள். மற்றபடி கம்பனி வைத்ததே கணக்கு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். கவ்வாத்து முடிந்த, கிளை வெட்டப்பட்ட மலையில் நிற்பவருக்கும் கொழுந்து நிறைந்த மலையில் நிற்பவருக்கும் ஒரே கிலோ கேட்டு, குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுவது போன்றதுதான் இந்த எண்ணிக்கை.

ஒரு நாள், வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய முதியவர் ஒருவரை அழைத்தேன். தலை சுற்றுகிறது என்றார். மருந்துப் போத்தல்களை மேசைக்குக் கொண்டுவந்து, லேபிளை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொன்னேன். ஒன்றில் லொப்ரெசர், இன்னொன்றில் மெட்டோப்ரொலோல். இரண்டும் ஒரே மருந்து. வீட்டிலிருந்த பழையதையும் வைத்தியசாலை கொடுத்த புதியதையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். மருத்துவரின் அலுவலகத்தை இணைப்பில் பிடித்து, எதை நிறுத்துவது என்று கேட்டு முடிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் போயிற்று. அன்றைய அறிக்கையில் அது ஓர் அழைப்பு. யாரும் எடுக்காத தொலைபேசியில் குரற்செய்தி விட்டதும் ஓர் அழைப்பு.

ஆகவே அழைப்புகளின் எண்ணிக்கை குறைந்தால் உங்கள் திறமை குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆனால் மனதுக்குள் புழுங்கிக்கொண்டு சும்மா இருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு வாரமும் மேலாளருக்கு ஒரு சிறு மின்னஞ்சல் எழுதுங்கள்: வைத்தியசாலையிலிருந்து வந்தவர்கள் இத்தனை பேர், இவர்களை இரண்டு வேலை நாட்களுக்குள் அழைக்க வேண்டும், சிறப்புத் தேவைத் திட்டத்தில் (நாட்பட்ட நோய் போன்ற விசேட தேவை உள்ளவர்களுக்கான காப்புறுதி) புதிதாகச் சேர்ந்தவர்கள் இத்தனை பேர், இவர்களின் சுகாதார மதிப்பீட்டை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும், இருக்கும் நேரம் இவ்வளவு, எதை முதலில் செய்யட்டும்? பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். நாளைக்கு ஒரு நோயாளர் தவறவிடப்பட்டால், கேள்வி உங்கள் தாதி அனுமதிப்பத்திரத்தின் மேல் வரலாம்.

பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இரவில் கணக்கில் காட்டாமல் குறிப்பெழுதும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். மணித்தியாலச் சம்பளக்காரருக்கு வாரத்தில் 40 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மாதச் சம்பளக்காரருக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. நியமனக் கடிதத்தைப் பாருங்கள். பணத்தைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறு: நீங்கள் மறைத்துச் செய்யும் வேலையால் பட்டியல் சரியான அளவில் இருப்பதாக மேலிடம் நம்புகிறது. அடுத்த மாதம் இன்னும் பேரைச் சேர்க்கிறது.

அந்த இரவுவேலை ஆட்குறைப்பிலிருந்து காப்பாற்றவும் மாட்டாது. கம்பனியின் ஒப்பந்தம் கைமாறினாலோ காப்புறுதி அங்கத்தவர் குறைந்தாலோ முழுக் குழுவும் போகும். அதில் கெட்டிக்காரரும் இருப்பார். கோவிட் காலத்தில் மெடிக்கெய்ட்டிலிருந்து ஆட்களை நீக்காமல் வைத்திருந்த ஏற்பாடு 2023 மார்ச் 31இல் முடிந்தது. பின்னர் கோடிக்கணக்கானோர் அதிலிருந்து விழுந்தார்கள். அங்கத்தவர் இல்லாத இடத்தில் அவர்களுக்கான தாதிக்கும் இடம் சுருங்குகிறது. ஒக்டோபர் 15 முதல் டிசெம்பர் 7 வரை மெடிக்கெயார் (பெரும்பாலும் முதியோருக்கான அரச காப்புறுதி) திட்டங்களை மாற்றும் காலம். அதற்கு முன்பே உங்கள் கம்பனி எந்தெந்த இடங்களிலிருந்து விலகுகிறது என்று செய்தி பாருங்கள்.

பயத்துக்கு மருந்து தயாராக இருப்பதுதான். தாதி அனுமதிப்பத்திரத்துக்காக மாநிலங்கள் செய்துகொண்ட கூட்டு உடன்படிக்கையில் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் குடியிருந்தால் பன்மாநில அனுமதிப்பத்திரம் எடுத்துவிடுங்கள். கலிபோர்னியாவும் நியூயோர்க்கும் அதில் இல்லை. நோயாளர் அங்கே இருந்தால் தனி அனுமதி வேண்டும். சி.சி.எம். (கேஸ் மனேஜர் சான்றிதழ்) பரீட்சைக்கு, அந்தச் சான்றிதழ் உள்ள மேலாளரின் கீழ் 12 மாத முழுநேர அனுபவம் போதும். இல்லாவிட்டால் 24 மாதம். முடியுமானால் மாதம் ஓரிரு நாள் வைத்தியசாலையில் வேலை செய்யுங்கள். பல வருடம் தொலைபேசியிலேயே இருந்துவிட்டு வார்டுக்குத் திரும்புவது கடினம்.

ஆட்குறைப்புக் கடிதம் வந்துவிட்டால், விலகல் ஒப்பந்தத்தில் (பணம் தந்து, வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் தாள்) அன்றே கையெழுத்திடாதீர்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, குழுவாக நீக்கும்போது, யோசிக்க 45 நாளும் கையெழுத்தை மீளப்பெற 7 நாளும் சட்டம் தருகிறது. வேலையில்லாதோர் கொடுப்பனவுக்கு அந்த வாரமே விண்ணப்பியுங்கள். கிரீன் கார்ட்டில் இருப்பவருக்கு வேலை போனதற்காக வதிவுரிமை போகாது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கோ பொதுவாக 60 நாட்கள்தான் அவகாசம். அவர்கள் ஒரு நாளும் வீணாக்கக் கூடாது.

வீட்டாருக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் சேரும்வரை கூரையோ தங்கையின் கலியாணமோ என்று தேதி குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள். அனுப்புவதை வங்கி வழியே அனுப்புங்கள், உண்டியலில் வேண்டாம்.

பிற்சேர்க்கை: கம்பனி மடிகணினியை ஹட்டனுக்குக் கொண்டுவந்து வேலை செய்யலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எழுத்தில் அனுமதி இல்லாமல் வேண்டாம். நோயாளர் விபரம் நாட்டுக்கு வெளியே போகக் கூடாது என்று பல கம்பனிகள் கண்டிப்பாக இருக்கின்றன. எங்கிருந்து இணைகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆட்குறைப்பில் போனால் கொடுப்பனவு கிடைக்கும். விதி மீறியதற்காக நீக்கப்பட்டால் அதுவும் கைவிட்டுப் போகலாம். விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு, மடிகணினியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.