கால் விரலைப் பார்த்துக் குணம் சொல்ல முடியுமா?

கேள்வி: தம்பிக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். எல்லாருக்கும் பிடித்துவிட்டது, ஜாதகமும் பொருந்தியது. ஆனால் பெரியம்மா மட்டும் காபி டம்ளரை நீட்டிய பெண்ணின் முகத்தை விட்டுவிட்டுப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே வந்ததும் "கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம், புருஷனை அடக்கி ஆளுவாள்" என்று சொல்லிவிட்டார். சாமுத்திரிகா லட்சணத்தை இன்னும் யாராவது நம்புகிறீர்களா?

பதில் 1: நான் நம்புகிறேன். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

பதில் 2: அது கோபம், கவலை மாதிரி அந்த நேரத்து உணர்ச்சிக்குச் சரி. மூக்குக்கும் விரலுக்கும் எப்படிப் பொருந்தும்? வெள்ளைக்காரர்களும் இதில் ஏமாந்தவர்கள்தான். 1831-இல் பீகிள் கப்பலின் கேப்டன் ஃபிட்ஸ்ராய், அந்தக் கப்பலில் போகவிருந்த இயற்கை ஆய்வாளர் டார்வினின் மூக்கைப் பார்த்துவிட்டு, இப்படி மூக்கு உள்ளவருக்குப் பயணத்துக்கு வேண்டிய உறுதி இருக்காது என்று கிட்டத்தட்ட வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். இத்தாலிய மருத்துவர் லோம்ப்ரோசோ 1876-இல் தாடை, காது, நெற்றியை வைத்தே பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். அப்புறம் இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் ஆயிரக்கணக்கான கைதிகளை அளந்து பார்த்து, அப்படித் தனி உடல்வாகே கிடையாது என்று 1913-இல் வெளியிட்டார்.

பதில் 3: எனக்கும் இரண்டாம் விரல் நீளம்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, டிவி ரிமோட்கூட இன்னும் என் கைக்கு வரவில்லை.

கேள்வி கேட்டவர்: பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "யாருடா அந்த டார்வின், பெண் வீட்டுக்காரனா?" என்கிறார்.